ஊர்ச் சங்கத்துக் காசு: டயாலிசிஸ் மெஷினா, கிராமத்துக் கிளினிக்கா?

வாய்க்கால்கரை எழுதியது:

வணக்கம் உறவுகளே. ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கம், இந்த வருட ஒன்றுகூடலில் சேர்ந்த காசைச் சுகாதாரத்துக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் மெஷின் ஒன்று வாங்கிக் கொடுப்பது அவர்களுடைய எண்ணம்.

ஊரில் கூட்டம் வைத்தோம். ஆண்களில் பாதிப்பேர் மெஷின் என்றார்கள். மாதர் சங்கத்து ஆட்கள் ஒரே குரலில், எங்கள் கிராமோதய சுகாதார நிலையத்தைத் திருத்துங்கள் என்றார்கள். அந்தக் கட்டடத்தின் கூரை ஒழுகுகிறது, தண்ணீர்த் தாங்கி வெடித்துவிட்டது, மருத்துவமாது தங்கும் அறை பூட்டியே கிடக்கிறது. மாதக் கிளினிக்கை முன்பள்ளி மண்டபத்தில் நடத்துகிறார்கள். கர்ப்பிணிப் பிள்ளைகள் மூன்று வயதுக் குழந்தைகளின் கதிரையில் குந்தியிருக்கிறார்கள்.

கிளினிக்தான் முதல் என்பது என் நிலைப்பாடு. ஆனால் காசு தருகிறவர்களுக்கு நியாயத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


ஸ்காபுறோ தம்பி எழுதியது:

அண்ணை, அந்த யோசனையைச் சங்கத்தில் முன்வைத்தவர்களில் நானும் ஒருவன். காரணத்தைச் சொல்கிறேன். என் பெரியப்பா முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே வயல் செய்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்க வெளி மாவட்டத்துக்குப் போய்வந்தார். விடியப்புறத்தில் பெரியம்மா தேத்தண்ணிப் போத்தலும் துவாயுமாகச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பா. வீடு திரும்ப இருட்டிவிடும். போக்குவரத்துச் செலவிலேயே ஒரு துண்டு வயல் போனது. கடைசியில் “இனி என்னால ஏலாது” என்று அவரே நிறுத்திக்கொண்டார். நிறுத்தினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இன்னொரு வீட்டுக்கு அந்த நிலை வரக்கூடாது. கூரைக்கு ஓடு போடுவது அரசாங்கத்தின் வேலை. உயிர் காக்கிற மெஷினுக்கு நாங்கள் காசு கொடுத்தால் என்ன பிழை?


வடக்கு வைத்தியர் எழுதியது:

தம்பி, உங்கள் பெரியப்பாவைப் போன்றவர்களை நான் வார்டில் அடிக்கடி பார்க்கிறேன். அதனால் உங்கள் கோரிக்கையைத் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் மெஷின் என்றால் என்னவெல்லாம் கூட வரவேண்டும் என்று பாருங்கள்.

ஒரு தடவை சுத்திகரிக்க ஏறக்குறைய 4 மணித்தியாலம் எடுக்கும். நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் கரைசல் ஓடும். அதாவது ஒரு நோயாளிக்கு ஒரு தடவைக்கே 120 லீற்றர். வன்னிக் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை உங்களுக்குத் தெரியும், கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே போதும். அந்தத் தண்ணீரை அப்படியே விட முடியாது, ஆர்.ஓ. சுத்திகரிப்புத் தொகுதி ஒன்று வேண்டும். வடிகட்டி, குழாய்கள், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற ஹெப்பாரின் எல்லாம் திரும்பத் திரும்ப வாங்க வேண்டியவை. பயிற்சி பெற்ற நேர்ஸ் வேண்டும், மின்சாரம் போனால் ஜெனரேற்றர் வேண்டும், இரத்த அழுத்தம் சடாரென்று விழுந்தால் பார்க்க டொக்டர் வேண்டும். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் ஆளணியும் செலவும் தருவதாக எழுத்தில் தந்தால் மெஷின் வாங்குங்கள். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அது பொலித்தீன் கழற்றாமல் ஒரு மூலையில் நிற்கும்.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியம். சிறுநீரகம் ஒரு நாளில் பழுதாவதில்லை. உயர் இரத்த அழுத்தமும் சீனி வருத்தமும் வருடக்கணக்கில் அரிக்கின்றன. விவசாயப் பகுதிகளில், வவுனியா உட்பட, காரணம் சரியாகப் பிடிபடாத சிறுநீரக நோயும் இருக்கிறது. மூன்றுக்கும் பொதுவான ஒன்று, தொடக்கத்தில் எந்த நோவும் தராது. கால் வீங்கி, சத்தி எடுத்து, மூச்சு முட்டி வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆனால் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், இரத்தத்தில் கிரியற்றினின் என்ற கழிவு என்று இரண்டைப் பார்த்தால் வருடங்களுக்கு முன்னமே தெரிந்துவிடும். அந்த நேரத்தில் பிறசரைக் கட்டுப்படுத்தினால், லொசார்டன் போன்ற ஒரு பிறசர்க் குளிசையை ஒழுங்காகக் குடித்தால், வயல் வேலை செய்து நோவுக்குக் கடையில் வாங்குகிற டைக்ளோபெனாக்கை நிறுத்தினால், பலருக்கு டயாலிசிஸ் வரையில் போகாமலே காலம் போகும். இதெல்லாம் உங்கள் ஊர்க் கிளினிக்கில் ஒரு மேசையில் முடிகிற வேலை.

ஆட்கள் வசிக்கிற, வேலை செய்கிற இடத்துக்கு முடிந்தளவு கிட்டச் சேவை போக வேண்டும் என்று 1978 இல் அல்மா-ஆத்தாவில் உலக நாடுகள் கூடிப் பிரகடனம் செய்தன. இலங்கைக்கு அது புதிதாக இருக்கவில்லை. 1926 இலேயே களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிவிட்டது. இன்றைக்கு எம்.ஓ.எச். அலுவலகம், அதாவது சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம், என்று நாம் சொல்வது அதன் வழியில் வந்ததுதான்.


சிறுபோகம் எழுதியது:

நான் செட்டிகுளம் பக்கம். டொக்டர் எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் சனம் ஏன் கிட்ட உள்ள ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போகிறது என்று யாராவது கேட்டீர்களா?

எங்களுக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது, பெயர் வேண்டாம். பின்னேரம் போனால் டொக்டர் இல்லை. காலையில் போனால் பிறசர்க் குளிசை இரண்டு கிழமைக்குத்தான் இருக்கும், மிச்சத்துக்கு “வெளியில வாங்குங்கோ” என்று துண்டு தருவார்கள். 2022 இல் நாடே மருந்தில்லாமல் நின்றது, அதை நான் அவர்கள் தலையில் போடவில்லை. ஆனால் அதற்கு முதலும் அப்படித்தான், பிறகும் அப்படித்தான். எங்கள் அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய், கொப்பியில் ஒரு கையெழுத்தோடு திரும்பி வருவா. அடுத்த மாதம் வவுனியாவுக்குப் போனா. இரத்தம் எடுத்தார்கள், ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ஒரு மாத மருந்தும் கொடுத்தார்கள். இனி அவ ஏன் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போகப்போறா?

சனத்தில் பிழை சொல்லாதீர்கள். கூரை போடுங்கள், நல்லது. ஆனால் கூரைக்குக் கீழே மருந்தும் ஆளும் இல்லையென்றால் நாங்கள் மினிபஸ்ஸில் ஏறத்தான் செய்வோம்.


வெள்ளைக்குடை எழுதியது:

குடும்பநல மருத்துவமாதுவாக வன்னியில் வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். எல்லாரும் மெஷின், மருந்து, டொக்டர் என்று எழுதுகிறீர்கள். வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வருகிற ஆளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மருத்துவமாதுவுக்கு ஏறக்குறைய 3000 சனம் என்பது நாட்டுக் கணக்கு. வன்னியில் சனம் ஐதாக இருக்கும், நிலம் பெரிது. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் காடு, வாய்க்கால், மாரியில் உடைந்த மதகு. அந்தப் பிரிவில் கலியாணம் கட்டிய பெண் ஒவ்வொருத்தியும் எங்கள் பதிவில் இருப்பாள். பிள்ளை தங்க முன்னமே ஃபோலிக் அமிலக் குளிசை கொடுக்க வேண்டும். தங்கினால் கொப்பி போட வேண்டும், நிறை, பிறசர், இரத்தச் சோகை எல்லாம் பார்க்க வேண்டும். பிள்ளை பிறந்து முதல் 10 நாளுக்குள் இரண்டு தரம் வீட்டுக்குப் போக வேண்டும். தாய்க்குக் காய்ச்சலா, பிள்ளை பால் இழுக்கிறதா, தொப்புள் காய்ந்ததா, கண்ணில் மஞ்சள் ஏறுகிறதா. தாயின் முகத்தையும் பார்ப்போம். பிள்ளை அழ அழச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிற தாயைக் கண்டால், அன்றைக்கு மற்ற வீடுகளை விட்டுவிட்டு அங்கேயே இருந்துவிடுவேன்.

நான் வேலைக்கு வந்த காலத்தில் சிறுநீர் பார்க்க இப்போதுள்ள பட்டி இல்லை. கண்ணாடிக் குழாயில் முக்கால்வாசிக்கு எடுத்து, மேல்பக்கத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். கொதிக்கும்போது மேலே வெள்ளையாகத் திரண்டால் இரண்டு மூன்று சொட்டு அசற்றிக் அமிலம் விடுவோம். வெள்ளை கரைந்து போனால் பயமில்லை. அப்படியே நின்றால் அல்புமின். முகம் வீங்கி, பிறசர் கூடி, அல்புமினும் நின்றால், அந்தப் பிள்ளையை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும். தலையிடி, கண் மங்கல் என்று சொன்னால் மாமியார் சமைத்து முடிக்கும்வரை கூடக் காத்திருக்கக்கூடாது, வலிப்பு வந்துவிடும். இலங்கையில் இப்போது ஒரு இலட்சம் பிறப்புக்குத் தாய் மரணம் 30 அளவில்தான் இருக்கிறது. இந்தச் சின்னக் குழாய்க்கும் அதில் பங்கு இருக்கிறது.

இலங்கையில் கடைசியாகப் போலியோ வந்தது 1993 இல். அதற்குப் பிறகு 2009 வரை யுத்தம். யோசித்துப் பாருங்கள், அத்தனை இடப்பெயர்வுக்குள்ளும் அந்த நோய் திரும்பி வரவில்லை. மரத்துக்குக் கீழே, கோயில் மடத்தில், அகதிகள் தங்கிய பள்ளிக்கூடத்தில் சொட்டு மருந்தும் ஊசியும் போட்டோம். சட்டி பானையை விட்டுவிட்டு ஓடி வந்த தாய்மார் பிள்ளையின் கார்ட்டை மட்டும் பொலித்தீனில் சுற்றி நெஞ்சுக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். அந்த நம்பிக்கை ஒரு நாளில் வந்ததில்லை. வருடக்கணக்காக வீட்டுக்கு வீடு போனதால் வந்தது.

இப்போது பல பிரிவுகளில் நிரந்தர ஆள் இல்லை. பக்கத்துப் பிரிவுப் பிள்ளை பதில் கடமை பார்க்கிறாள். இரண்டு பிரிவைப் பார்க்கிறவளுக்குக் கிளினிக்கும் பதிவும் மட்டும்தான் முடியும், வீட்டுக்குப் போக நேரம் வராது. முதலில் கைவிடப்படுவது அந்த வீட்டுப் பயணம்தான். யாழ்ப்பாணத்தில் இருந்து நியமனம் கிடைத்து வருகிற இளம் பிள்ளைக்குத் தங்க இடமில்லை. பூட்டிக் கிடக்கிற அந்த அறைக்கு யன்னல் கம்பி இருக்கிறதா, உள்ளே மலசலகூடம் இருக்கிறதா, இரவில் வெளிச்சம் இருக்கிறதா என்று ஒரு தரம் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு வருடத்தில் இடமாற்றம் கேட்பாள், கேட்கத்தான் வேண்டும். செயலாளர் தம்பி, கூரையைவிட அந்த அறை முக்கியம்.


சந்தி ஓட்டோ எழுதியது:

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் சந்தியில் ஓட்டோ ஓடுகிறேன். கிளினிக் நாளில் வருகிற ஆட்களைப் பார்த்தாலே ஊரின் நிலை தெரியும். காசில்லாதவர்கள் வெயிலில் நடப்பார்கள். கொஞ்சம் இருப்பவர்கள் மூன்று பேர் சேர்ந்து வருவார்கள். ஒரு கால் இல்லாத ஐயா ஒருவர் பிறசர் மருந்தை ஒரு மாதம் எடுப்பார், அடுத்த மாதம் விடுவார். கேட்டால் “உனக்குக் குடுக்கிற காசில ஒரு கிழமைக்கு அரிசி வாங்கலாம் தம்பி” என்கிறார். அவரிடம் நான் காசு வாங்குவதில்லை, ஆனால் எல்லாருக்கும் அப்படி ஓட என்னால் முடியாது.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் 2018 இல் எங்கள் மாகாணத்துக்கு வந்தது பெரிய உதவி, காசும் இல்லை. ஆனால் காட்டுப்பக்கம் சிக்னல் இல்லாத இடத்தில் எப்படி அழைப்பது? மாரியில் சில ஒழுங்கைக்குள் அது வரவும் முடியாது. சந்தி வரைக்கும் நாங்கள்தான் ஏற்றிவருகிறோம்.

டொக்டர், ஒன்று கேட்க வேண்டும். நெல் வெட்டுக் காலத்தில் பாம்பு கடித்தவர்களை ஏற்றுகிறோம். கிட்ட உள்ள சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.


வடக்கு வைத்தியர் எழுதியது:

வார்டும் டொக்டரும் உள்ள ஆஸ்பத்திரி கிட்ட இருந்தால் அங்கே போங்கள். அங்கே செய்யக்கூடிய ஒரு பரிசோதனைக்கு எந்த இயந்திரமும் தேவையில்லை. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைப்பார்கள். பிறகு சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடினால் கண்ணாடி விரியனின் விஷம் ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, விஷமுறி கொடுக்க அல்லது உடனே மேலே அனுப்பத் தீர்மானிக்கலாம். வழியில் மூச்சு நின்றுபோகக்கூடிய நிலையென்றால் அதற்கும் ஆயத்தமாக அனுப்புவார்கள்.

நிலத்தில் படுத்தவர் விடியப்புறம் வயிற்று நோவோடு எழும்பி, கண் இமை சொருகினால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் பாம்பு என்றே நினைத்து ஏற்றுங்கள். கயிறால் இறுக்கிக் கட்டாதீர்கள், வெட்டாதீர்கள், விஷகடி வைத்தியரிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்று மணித்தியாலத்தைப் போக்காதீர்கள். கடிபட்ட கையை, காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு வாருங்கள்.

செட்டிகுளம் ஐயாவுக்கு: நீங்கள் சொன்ன மருந்துத் தட்டுப்பாடு உண்மை. அதில் ஒரு பகுதி கணக்கில் இருந்தும் வருகிறது. சின்ன ஆஸ்பத்திரிக்கு எத்தனை நோயாளி பதிவோ அதை வைத்துத்தான் அடுத்த முறை மருந்து கேட்க முடியும். சனம் தாண்டிப் போகப் போக எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறையக் குறைய மருந்தும் குறையும். இதைச் சனம் தனியாக உடைக்க முடியாது, இரண்டு பக்கமும் அசைய வேண்டும்.


நந்திக்கடல் காற்று எழுதியது:

ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2017 இல் இருந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தெருவோரத்தில் இருக்கும் அம்மாமாரைப் பாருங்கள். வெயில், நித்திரையின்மை, நேரத்துக்குச் சாப்பாடில்லை, அதற்குமேல் பிறசரும் சீனியும். பதில் கிடைக்காமலே எத்தனையோ பேர் இறந்துவிட்டார்கள். என் அம்மாவும் அவர்களோடு போய் இருப்பா. அவ ஒரு நாளும் மனநல கிளினிக் என்று எழுதியிருக்கிற கதவுக்குள் போகமாட்டா. ஆனால் பிறசர் பார்க்கிற மிஸ்ஸியிடம் எல்லாம் சொல்லுவா. கையில் பட்டியைச் சுற்றிவிட்டு “நித்திரை வருகுதா அம்மா” என்று அந்தப் பிள்ளை கேட்டால் போதும், அம்மா அழுதுவிட்டு வருவா.

அவசரத்துக்கு 1926 என்ற மனநல உதவி இலக்கம் இருக்கிறது, தெரியாதவர்கள் குறித்துவையுங்கள். ஆனால் எங்கள் அம்மாமார் தொலைபேசியில் மனம் திறக்கிற ஆட்கள் இல்லை. தெரிந்த முகம் ஒன்று வேண்டும். அடிக்கடி ஆள் மாறினால் அதுவும் போய்விடும்.


களவேலை பி.எச்.ஐ. எழுதியது:

பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களைச் சாப்பாட்டுக் கடைக்கு வழக்குப் போடுகிற ஆட்களாகத்தான் பலருக்குத் தெரியும். அதனால் இதை எழுதுகிறேன்.

வன்னி என்றால் மலேரியா என்று இருந்த காலம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அது தானாக ஓடிப்போகவில்லை. காய்ச்சல்காரரைத் தேடிப் போய் விரலில் குத்தி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தட்டில் பூசி, ஆற்றுக் குட்டையில் நுளம்புக் குடம்பி தேடி, வீட்டுச் சுவருக்கு மருந்தடித்து முடித்த வேலை. அதே 2016 கடைசியில் மன்னாரில் இந்தியப் பக்கத்தில் உள்ள இன்னொரு மலேரியா நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடுகிற இனம். ஆகவே வெளிநாட்டுக்குப் போய்வந்து காய்ச்சல் என்றால் போன இடத்தைச் சொல்லி இரத்தம் சோதியுங்கள்.

இன்னொன்று எலிக்காய்ச்சல். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணப் பக்கம் பரவி உயிர்கள் போனது தெரியும்தானே. காலபோகத்துக்கு வயலுக்குள் இறங்குகிறவர்கள் எம்.ஓ.எச். அலுவலகத்தில் கேட்டால் டொக்சிசைக்கிளின் கிடைக்கும், கிழமைக்கு ஒரு தரம் குடிக்க வேண்டும். நாங்கள் வீடு வீடாகக் கொண்டுபோனாலும் “எனக்கு ஒண்டும் இல்லைத் தம்பி” என்று வாங்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் தந்தால் எங்கள் வேலை பாதியாகக் குறையும். வெள்ளம் வடிந்தபின் கிணற்றை இறைத்துக் குளோரின் போடுவதும் அப்படித்தான், ஊர் கூடினால் ஒரு நாளில் முடியும்.


மல்லாவி ரீச்சர் எழுதியது:

சுருக்கமாக ஒன்று. பாடசாலை வைத்தியப் பரிசோதனையில் கண் பார்வை குறைவென்று எழுதிக் கொடுத்தால், அந்தத் துண்டு பையிலேயே கிழிந்து போகிறது. கண்ணாடி செய்யப் பட்டணம் போக வேண்டும், தகப்பன் வேலையை விட வேண்டும். என் வகுப்பில் பின்வாங்கில் இருந்து “படிப்பு ஏறாது” என்று பெயர் வாங்கிய ஒரு பிள்ளை, கண்ணாடி போட்டபின் கரும்பலகையை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுகிறாள். 2017 இல் இருந்து 6 ஆம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி போடுகிறார்கள். தாய்மார் பயந்தால் கையெழுத்துப் போடமாட்டார்கள். அந்தப் பயத்தைப் போக்கியது எங்கள் பகுதி மருத்துவமாதுதான், நான் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. உங்கள் காசில் பிள்ளைகளின் கண்ணாடிக்கும் ஒரு சிறு பங்கு வையுங்கள்.


ஸ்காபுறோ தம்பி எழுதியது:

எல்லாவற்றையும் வாசித்தேன். சங்கக் குழுவிலும் பகிர்ந்தேன். டொக்டர் சொன்ன கடிதத்தைக் கேட்டு எழுதுவோம். அது கிடைக்காதவரை மெஷின் பேச்சை எடுக்கமாட்டோம் என்று பேசியிருக்கிறோம்.

ஆனால் இப்போதே டயாலிசிஸில் இருக்கிறவர்களை விட்டுவிட என் மனம் இடம் தராது. இருபது வருடத்துக்குப் பிறகு வரப்போகிற நோயைத் தடுப்பது நல்லது, இன்றைக்குச் சந்தியில் நிற்கிறவருக்கு அது உதவாது. எங்கள் கிராம அலுவலர் பிரிவிலும் பக்கத்துப் பிரிவுகளிலும் எத்தனை பேர் சுத்திகரிப்புக்குப் போகிறார்கள் என்று பார்த்து, அவர்களின் போக்குவரத்துக்கு மாதாமாதம் ஒரு தொகை. மிச்சம் முழுவதும் கிளினிக்குக்கு. இதற்குச் சம்மதமா?


சிறுபோகம் எழுதியது:

தம்பி, இது மனிதத்தனமான யோசனை. நான் ஆதரிக்கிறேன்.

கிளினிக்குக்கு ஒரு கோரிக்கை. 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பிறசர், சீனி, கொலஸ்ட்ரோல் பார்க்கிற ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் 2011 இல் இருந்து நாட்டில் இருக்கின்றன. எங்கள் ஆண்கள் போவதில்லை, ஏனென்றால் அது வேலை நேரத்தில் நடக்கிறது. அறுவடை முடிந்த நாட்களில், அல்லது கமக்காரர் அமைப்புக் கூட்டம் நடக்கும் இடத்திலேயே ஒரு நாள் நடத்தக் கேளுங்கள். உரமானியத்துக்கு வரிசையில் நிற்கிற ஆம்பிளைகள் கையையும் நீட்டுவார்கள். அப்புறம், ஆஸ்பத்திரியில் இந்த மாதம் என்ன மருந்து இருக்கிறது, என்ன இல்லை என்று ஒரு பலகையில் எழுதிப்போடச் சொல்லுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவனுக்கு அது பெரிய மரியாதை.


வாய்க்கால்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை மாதர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து இருந்து கதைத்தோம். ஒத்துக்கொண்டதைச் சொல்கிறேன்.

மருத்துவமாதுவின் அறை முதல். யன்னல் கம்பி, உள் மலசலகூடம், சூரிய மின்விளக்கு, தண்ணீர்த் தாங்கி. பிறகுதான் கூரை. வேலை தொடங்க முன் எம்.ஓ.எச். அலுவலகத்தின் அனுமதி எழுத்தில் வேண்டும், ஏனென்றால் அது அரசாங்கக் கட்டடம். சம்பளம் கொடுத்து ஆள் வைப்பது எங்கள் வேலை இல்லை, அந்த வெற்றிடத்தை நிரப்பச் சொல்லி மூன்று அமைப்புகளும் கையெழுத்திட்டு மாகாண சுகாதார அமைச்சுக்கும் பிராந்தியப் பணிப்பாளருக்கும் மனுக் கொடுக்கிறோம். பதில் வரும்வரை மாதாமாதம் கொடுப்போம். டயாலிசிஸ் ஆட்களின் போக்குவரத்துக்கு ஸ்காபுறோ தம்பி சொன்னபடி. கண்ணாடிக்கும் ஒதுக்கியிருக்கிறோம், ரீச்சர்.

வெள்ளைக்குடை அக்கா, அந்த அறையைத் திருத்தும்போது ஒரு தரம் வந்து பார்த்துச் சொல்வீர்களா? வாகனம் அனுப்புகிறோம். டொக்டர், பிறசர்க் கருவி இரண்டு வாங்கச் சொல்கிறார்கள். எந்த வகை?


வெள்ளைக்குடை எழுதியது:

கட்டாயம் வருகிறேன் தம்பி. வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இரண்டு போடுங்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. பரிசோதனைக் கட்டிலுக்கு மறைப்புத் திரை மறக்காதீர்கள். முன்பள்ளி மண்டபத்தில் திரை இல்லாததால்தான் பல பிள்ளைகள் வயிறு காட்டாமல் திரும்பிப் போகிறார்கள்.


வடக்கு வைத்தியர் எழுதியது:

கை மேற்பகுதியில் கட்டுகிற டிஜிற்றல் கருவி வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பட்டி இரண்டு அளவில் வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினால் இல்லாத பிறசரைக் காட்டும், சும்மா குளிசை குடிக்க வேண்டிவரும். பார்க்க முன் ஐந்து நிமிடம் கதிரையில் சாய்ந்து இருக்க விடுங்கள், கை நெஞ்சின் மட்டத்தில் இருக்க வேண்டும். சாய்வுள்ள கதிரை நாலைந்து வாங்குங்கள், முன்பள்ளிக் கதிரை சரிவராது. சிறுநீர் அல்புமின் பட்டிகளை வெயிலும் ஈரமும் படாமல் மூடிய போத்தலில் வைக்க வேண்டும், திகதி பார்த்து வாங்குங்கள்.


சந்தி ஓட்டோ எழுதியது:

செயலாளர் அண்ணை, கிளினிக் நாளுக்கு எங்கள் சந்தியில் நிற்கிற நாங்கள் மூன்று பேர் முறை வைத்து ஓடுகிறோம். கர்ப்பிணிப் பிள்ளைகளுக்கும் நடக்க ஏலாதவர்களுக்கும் காசு இல்லை. சங்கம் பெற்றோலுக்கு மட்டும் தந்தால் போதும். யாரை எங்கே ஏற்ற வேண்டும் என்று மருத்துவமாது முதல் நாள் பின்னேரம் பட்டியல் தந்தால், காட்டுக்கரை வீடுகளில் இருந்து தொடங்குவோம். மாரியில் மதகு உடைந்த ஒழுங்கைக்கு உழவு மெஷின் வைத்திருப்பவர் ஒருவரோடு கதைத்திருக்கிறேன், பெட்டியைப் பூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார்.